எனக்கு அவர் என்ன முறை?

கேள்வி:

எனக்கு வயது 64. மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஏழு மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஒரே பிரிவு அலுவலகத்தில் இருந்தோம். நான் கம்பத்தில் ஏறினால் அவர் கீழே நிற்பார். அவர் ஏறினால் நான் நிற்பேன். 2018 கஜா புயலின்போது வேதாரண்யம் பக்கம் எங்களை அனுப்பினார்கள். அங்கே பள்ளிக்கூட வராந்தாவில் ஒரே தார்ப்பாயில் படுத்தோம். என் மகள் திருமணத்துக்காகச் சொசைட்டியில் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஓய்வுக்குப் பிறகும் தினமும் மாலை ஐந்தரைக்கு டீக்கடையில் சந்திப்போம். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டோம்.

மயானத்தில் பங்காளிகளையும் மாமன் மச்சான்களையும் முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்கே நிற்பது என்று தெரியாமல் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஐந்தரை ஆனால் கால் தானாக டீக்கடைக்குப் போகிறது. போனால் கண்ணில் நீர் வருகிறது. பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரத்தில் மட்டும் அவளோடு பேசிச் சிரித்து இதை மறந்திருக்கிறேன். நண்பரின் மனைவி என்னை அண்ணன் என்றுதான் அழைப்பார். அவர்களுடைய மகன் பெங்களூரில் இருப்பதால் குடும்ப ஓய்வூதிய வேலை இன்னும் முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆனால் தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போனால் ஊர் என்ன பேசுமோ என்று போகவில்லை.

டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிடச் சொல்கிறான் என் மகன். என் மனைவியோ, "சொந்த அண்ணன் இறந்தபோது பதினேழாம் நாள் வேலைக்குப் போய்விட்டீர்கள். இவர் உங்களுக்கு என்ன முறை?" என்கிறார். போன வாரம், "நான் போய்விட்டால் எனக்காக இப்படி அழுவீர்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணனையும் மனைவியையும்விட நண்பர் மேல் அதிக அன்பு வைத்திருப்பது தவறா? எனக்கு ஏதாவது கோளாறா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

மனநல ஆலோசகரின் பதில்:

ஐயா,

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் கேட்டிருப்பவற்றில் அதுதான் எளிது. கடிதத்தில் இருப்பதை வைத்துச் சொன்னால், இது நோயாக எனக்குத் தெரியவில்லை. மனச்சோர்வு நோய் முற்றியவருக்குப் பெரும்பாலும் பேத்தியின் பேச்சும் ருசிக்காது. உங்கள் வருத்தம் டீக்கடையில் வருகிறது, பள்ளிக்கூட வாசலில் விலகுகிறது. துக்கம் அப்படித்தான் விட்டுவிட்டு வரும். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் குறைந்தது ஆறு மாதங்கள் ஆகியிருக்க வேண்டும் என்கிறது அந்தப் பட்டியல். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-இல் தங்கள் கையேட்டில் இதைச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தார்கள். மாதக் கணக்கில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. இரண்டு இடத்திலும் மாதம் மட்டும் போதாது; விடாத ஏக்கம் இருக்க வேண்டும், அதனால் அன்றாட வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும். உங்கள் வாழ்க்கை குலையவில்லை, வலிக்கிறது.

மூன்று மணி விழிப்பை மட்டும் துக்கத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மூன்றையும் அரசு மருத்துவமனையில் பார்த்துவிடுங்கள். உடல் எடை குறைந்துகொண்டே போனால், குடி பழகத் தொடங்கினால், "நானும் போய்விட்டால் என்ன" என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், மகன் சொன்னபடி மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, இரவிலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி அண்ணன். அவரைவிட நண்பருக்கு அதிகம் அழுகிறோமே என்று உங்களுக்குக் குற்ற உணர்ச்சி. அண்ணன் இறந்தபோது என்னவெல்லாம் நடந்தது என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கென்று நிற்பதற்கு ஓர் இடம் இருந்தது. எதை எடுத்துக் கொடுக்க வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், எத்தனை நாள் கோயிலுக்குப் போகக் கூடாது என்பதையெல்லாம் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்திருப்பார்கள். பதினாறு நாளும் வீட்டில் ஆள் இருந்திருக்கும். வந்தவர்கள் எல்லோரும் "எப்படி ஆயிற்று?" என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பீர்கள். துக்கம் விசாரிக்க வருபவர்களின் அந்தக் கேள்வியை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. முதல் நாள் சொல்ல முடியாமல் தொண்டையை அடைப்பதைப் பத்தாம் நாள் கோவையாகச் சொல்ல முடிவது அதனால்தான். பதினேழாம் நாள் நீங்கள் வேலைக்குப் போக முடிந்தது அன்பு குறைவாக இருந்ததால் அல்ல. பாரத்தில் பாதியைப் பல பேர் சேர்ந்து இறக்கிவிட்டிருந்தார்கள்.

நண்பர் இறந்த பிறகு உங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க யாராவது வந்தார்களா? வந்திருக்க மாட்டார்கள். துக்க வீடு அவருடையது, உங்களுடையது அல்ல என்பதுதான் நம் கணக்கு. உங்களுக்குத் தீட்டு இல்லை, மொட்டை இல்லை, பதினாறாம் நாள் உட்காரப் பலகை இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980-களின் இறுதியில் இப்படிப்பட்ட துக்கத்தைத் தனியாகப் பிரித்து எழுதினார். அந்த உறவை ஊர் உறவாகவே எண்ணாதபோது, இழப்பை இழப்பாக மதிக்காதபோது, துக்கப்படுபவரைக் கணக்கிலேயே சேர்க்காதபோது துக்கம் கூடுதல் நாள் தங்கும், கூடவே வெட்கமும் சேர்ந்துகொள்ளும் என்பது அவர் கருத்தின் சாரம். பெயரை வெளியிட வேண்டாம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அண்ணனுக்காக அழுதிருந்தால் அந்த வரி கடிதத்தில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

சட்டத்துக்கும் இந்தத் தடுமாற்றம் உண்டு. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவினர். சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால் உறவை நிரூபித்தால் போதும். நண்பர் கொடுக்க வந்தால், அன்பாலோ பற்றாலோதான் கொடுக்கிறார் என்று அங்கீகாரக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க அது தேவையான ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் அண்ணனிடம் "தம்பி மேல் உனக்கு அன்பு உண்டா?" என்று எந்தக் குழுவும் கேட்பதில்லை. ரத்த உறவில் அன்பு இருப்பதாகவே வைத்துக்கொள்கிறோம். நட்பில் காட்டச் சொல்கிறோம்.

இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. குறளில் மனைவி, மக்கள், அன்பு எல்லாம் இல்லறவியலில் வருகின்றன. நட்பைப் பற்றியே தொடர்ச்சியாக ஐந்து அதிகாரங்கள் உண்டு. அவையோ அமைச்சும் அரணும் படையும் பேசப்படும் பொருட்பாலில். தொல்காப்பியத்தின் அகத்திணை ஏழும் ஆண் பெண் உறவுக்கே போய்விட்டன. மேற்கிலும் கதை பெரிதாக மாறவில்லை. 1973-இல் கனடா ஆய்வாளர் ஜான் ஆலன் லீ அன்பை நிறங்கள்போல வகை பிரித்தார். நட்பாகத் தொடங்கி மெல்லக் காதலாகும் வகை அதில் இருக்கிறது. காதலாக வேண்டிய தேவையே இல்லாத நட்புக்குத் தனி இடம் இல்லை. அதனால் வகைப்பாடுகளை நான் கையில் எடுப்பது குறைவு. அந்த அன்பு உங்கள் வாழ்க்கையில் என்ன வேலை செய்தது என்று கேட்டால்தான் எனக்கு ஏதாவது புரிகிறது.

உங்கள் நண்பர் செய்த வேலையை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள்: "நான் கம்பத்தில் ஏறினால் அவர் கீழே நிற்பார்." உங்கள் துறையினர் சிலரோடு பேசியதில் அந்த நிற்பதன் பொருள் எனக்குக் கொஞ்சம் தெரியும். எல்.சி. என்ற வேலை அனுமதியை வாங்கி, ஏ.பி. சுவிட்சைத் திறந்து லைனைத் துண்டித்து, கம்பியை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகும் கீழே ஒருவர் இருந்தாக வேண்டும். யாரும் அவசரப்பட்டு சுவிட்சைத் தொடக் கூடாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கம்பியில் மின்சாரம் திரும்பி ஏறிவிடக் கூடாது. மேலே இருப்பவர் பேச்சுக் குறைந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே இருக்கும் நீங்களோ அவரைப் பார்ப்பதே இல்லை. கம்பியை, இன்சுலேட்டரை, கைக்கு எட்டுவதைப் பார்க்கிறீர்கள். அவர் இருக்கிறார் என்பதால்தான் அவரைப் பார்க்காமல் வேலையைப் பார்க்க முடிகிறது.

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1954-இல் உகாண்டாவின் கம்பாலா அருகே கிராமங்களில் கைக்குழந்தைகள் தாயோடு இருக்கும் விதத்தைக் கவனித்தார். தவழத் தொடங்கிய குழந்தை தாயை விட்டு விலகிப் போகிறது, எதையாவது தொட்டுப் பார்க்கிறது, ஒரு முறை திரும்பிப் பார்க்கிறது, மறுபடி போகிறது. தாய் அங்கே இருக்கிறாள் என்ற நிச்சயம்தான் அதைத் தூரமாகப் போகவிடுகிறது. தாய் எழுந்துபோனால் ஆராய்ச்சி நின்றுவிடும், அழுகை தொடங்கும். ஐன்ஸ்வொர்த்தோடு சேர்ந்து இந்தப் பிணைப்பை விளக்கிய ஜான் பௌல்பி, இது குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை, தொட்டிலிலிருந்து சுடுகாடுவரை தொடர்கிறது என்றார். 1987-இல் ஹேசன், ஷேவர் என்ற இருவர் இதைக் காதலர்களிடம் பொருத்திப் பார்த்தார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள், வளர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட ஆள் கணவனாகவோ மனைவியாகவோ மட்டும் இருக்க வேண்டியதில்லை, நண்பராகவும் இருக்கலாம் என்று கண்டார்கள். உங்கள் விஷயத்தில் ஆய்வே தேவையில்லை. உங்கள் உயிர் அவர் கண் பார்வையில் இருந்தது, அவர் உயிர் உங்கள் கண் பார்வையில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு கம்பம் இல்லை. ஆனால் ஐந்தரை மணிக்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்பது இருந்தது. பேச வேண்டிய அவசியம் ஏன் இல்லை என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். முன்பும் பேசி அந்த உறவு வளரவில்லை.

அண்ணனோடு உங்களுக்கு இருந்தது வேறு. ஒரே தகப்பனின் கோபத்தையும் ஒரே வீட்டு வறுமையையோ வளத்தையோ அறிந்த உறவு அது. மாதக்கணக்கில் பார்க்காவிட்டாலும் கெடாது. அதனாலேயே அவர் போன பிறகு உங்கள் நாளின் நேரங்கள் மாறவில்லை. நண்பர் போனதும் உங்கள் மாலை நேரமே இல்லாமல் போயிற்று. அழுகையின் அளவு, ஒருவர் நம் அன்றாடத்தில் எத்தனை மணி நேரத்தைப் பிடித்திருந்தார் என்பதைக் காட்டும். யார் உயர்ந்தவர் என்பதை அது காட்டாது. அன்பு ரேஷன் கார்டு அல்ல, ஒரு பெயருக்கு நேரே அதிகம் பதிந்தால் இன்னொரு பெயருக்குக் குறைந்துபோவதற்கு.

இப்போது உங்கள் மனைவி கேட்டது. கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். நீங்கள் அதை நண்பரைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது உங்கள் மனைவி தன்னைப் பற்றிக் கேட்ட கேள்வி.

இந்தத் திருமணத்தில் அவர் உங்களை இப்படி அழுது பார்த்ததே இல்லை என்று ஊகிக்கிறேன். இத்தனை வருடம் இவர் இப்படித்தான், அதிகம் பேச மாட்டார், எதற்கும் கலங்க மாட்டார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு வாழ்ந்திருப்பார். இப்போதுதான் தெரிகிறது, உங்களுக்கும் கலங்கத் தெரியும் என்று. அதுவும் வேறொருவருக்காக. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

நீங்கள் உண்மையாகவே பதில் தெரியாமல் விழித்ததும் இயல்பு. எலன் பெர்ஷெய்ட் என்ற உளவியலாளர் 1980-களில் நெருங்கிய உறவுகளைப் பற்றி ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். இரண்டு பேருடைய நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று நன்றாகப் பின்னிக்கொண்ட உறவில் உணர்ச்சி வெளியே தெரிவது குறைவு. பின்னல் அறும்போதுதான் அது எவ்வளவு பெரிது என்பது தெரியவரும். காலையில் யார் பால் வாங்குவது, எந்த மாத்திரை எந்த டப்பாவில், ஃபேன் எத்தனையில் சுற்ற வேண்டும், உறவினர் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது என்று உங்கள் வீட்டில் ஆயிரம் விஷயங்கள் பேசாமலேயே நடக்கின்றன. தடையில்லாமல் நடப்பதால் அவை அன்பாகவே கண்ணில் படுவதில்லை. ஆகவே "அவள் போனால் எவ்வளவு அழுவேன்" என்று இப்போது உள்ளே தேடிப் பார்த்தால் எதுவும் கிடைக்காது. அது இல்லை என்று அதற்கு அர்த்தமும் இல்லை. நண்பர் உயிரோடு இருந்தபோது அவருக்காக இவ்வளவு அழுவோம் என்று உங்களுக்குத் தெரியுமா?

மனைவியிடம் இரண்டு பதில்களைச் சொல்லாதீர்கள். "என்ன அபசகுனமான பேச்சு" என்று வாயை அடைக்காதீர்கள். "உனக்காக இதைவிட அதிகம் அழுவேன்" என்று பேரமும் பேசாதீர்கள். அவர் நம்ப மாட்டார். நண்பரைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு உங்கள் நண்பர் யார்? விசேஷங்களுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனவர், மாலையில் கணவரை டீக்கடைக்கு இழுத்தவர், அவ்வளவுதானே? உங்கள் தலைமுறை ஆண்கள் வேலையிடத்து ஆபத்துகளை வீட்டில் சொல்லாமல் இருப்பதையே ஒரு பண்பாக வைத்திருந்தீர்கள். மழைநாளில் கம்பத்தில் ஏறியதை அவரிடம் சொன்னீர்களா? எத்தனை முறை அந்த ஆள் கீழே நின்றதால் நீங்கள் இரவு சாப்பாட்டுக்கு வீடு திரும்பினீர்கள் என்று சொன்னீர்களா? ஜாமீன் கையெழுத்துப் போட்ட அன்று நண்பரின் சம்பளத்துக்கும் சேர்த்து ஆபத்து இருந்தது என்பது உங்கள் மனைவிக்குத் தெரியுமா? தவணை நின்றிருந்தால் சொசைட்டி அவர் சம்பளத்தில் பிடித்திருக்கும். இதெல்லாம் தெரிந்த பெண் "என்ன முறை?" என்று கேட்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். மூன்று மணிக்கு விழிப்பு வரும்போது அவரும் விழித்திருந்தால் அப்போதே ஒன்றைச் சொல்லலாம். அழுகை வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்காமல் அழுங்கள். அவருக்கு வேண்டியிருப்பது உங்கள் அழுகையில் ஒரு பங்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது நண்பரின் வீடு. இதில் உங்களோடு நான் உடன்படவில்லை. முறை இல்லை என்று வருந்துகிறீர்கள், ஆனால் உங்களை அண்ணன் என்று அழைக்கும் ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார். அண்ணன் என்றால் போகாமல் இருப்பதற்குத்தான் காரணம் வேண்டும். ஊர்ப் பேச்சுக்குப் பயந்தால் உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு பகலில் போங்கள். அவருக்கும் அது நல்லது. நண்பரின் மனைவி உங்கள் நண்பரைப் பற்றி ஒன்றிரண்டு சொல்வார், நீங்கள் ஒன்றிரண்டு சொல்வீர்கள். உங்கள் மனைவி கேட்டுக்கொண்டிருப்பார். உங்களுக்கு நடக்காமல் போன துக்க விசாரிப்பு அப்போதாவது நடக்கும்.

ஓய்வூதிய வேலையைப் பொறுத்தவரை, அந்த ஊரில் உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார் இருக்கிறார்கள்? எந்த அலுவலகம், எந்த மேசை, எந்தப் படிவம் என்பதெல்லாம் நீங்களே உங்களுக்காக அலைந்து கற்றது. ஆதாரில் ஒரு பெயர், பணிப் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று இருந்தாலே கோப்பு மாதக்கணக்கில் கிடக்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெங்களூர் மகனை ஃபோனில் பிடித்து அவர் கையெழுத்துத் தேவைப்படும் இடங்களைச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும் என்பதையும் அந்த அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள். பலர் அதைத் தவறவிட்டுவிட்டுப் பணம் நின்ற பிறகு ஓடுகிறார்கள்.

பிசிராந்தையார் கதையை உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். நட்பு என்றால் நம் ஆட்களுக்கு அதுதான் வாயில் வரும். துக்கத்தில் இருப்பவரிடம் அந்தக் கதையைச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. நண்பரோடு சேர்ந்து உயிர் விடுவதுதான் நட்பின் உச்சம் என்றால், பின்னால் இருந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு யார் அலைவது? அந்தக் கதையில் என் மனதில் நிற்பது வேறு ஓர் இடம். உண்ணாமல் உயிர் விட வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனோடு தானும் அமர வந்தார் பொத்தியார் என்ற புலவர். உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், பிள்ளை பிறந்த பிறகு வா என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான். பொத்தியார் பிறகு திரும்பி வந்தது வேறு விஷயம். சாகத் துணிந்து உட்கார்ந்தவனுக்கு நண்பனுடைய வீட்டின் நினைவு இருந்தது என்பதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

டீக்கடையை விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மகன் சொல்லக்கூடும். விட வேண்டாம். துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969-இல் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. பின்னால் இருப்பவர்கள் ஏற வேண்டிய படிக்கட்டு அது அல்ல. 1999-இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இருவர் சொன்னது என் அனுபவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது: துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வேலையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவார், போய்வர வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் டீக்கடைக்குப் போங்கள், அழுகை வந்தால் வரட்டும். மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு வேறு வேலை வையுங்கள். உங்கள் பழைய பிரிவில் ஓய்வு பெற்றவர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள். கஜா வேலைக்கு வந்தவர்களில் ஒருவரையாவது கூப்பிடுங்கள். அவர் உங்கள் நண்பரின் இடத்துக்கு வர மாட்டார், வரவும் தேவையில்லை. ஆனால் அவருக்கும் அந்த வராந்தா தெரியும்.

இதை நான் மன ஆறுதலுக்காக மட்டும் சொல்லவில்லை. 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் அந்தந்த ஆய்வுக் காலத்தைத் தாண்டி உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. எனக்கு அதில் பிடித்தது ஓர் உள்விவரம். ஒரு வீட்டில் யாரோடாவது சேர்ந்து வாழ்கிறாரா என்று மட்டும் கேட்ட ஆய்வுகளில் இந்தத் தொடர்பு மிகக் குறைவாகத் தெரிந்தது. துணை, உறவு, நண்பர்கள், ஊர்ப் பொதுக்காரியம் என்று பல வகைப் பிணைப்புகளைச் சேர்த்து அளந்த ஆய்வுகளில் மிக அதிகமாகத் தெரிந்தது. வீட்டில்தான் மனைவி, பிள்ளை, பேத்தி எல்லோரும் இருக்கிறார்களே என்று உங்களிடம் சொல்பவர்களுக்கு இந்த விவரத்தைச் சொல்லலாம்.

இன்னும் ஐந்து மாதத்தில் தலைத்திவசம் வரும். அதற்கு முன்பே அந்த வீட்டில் பேசி, ஒரு வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமையலுக்குப் பணம் என்று கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். பழைய அலுவலக ஆட்களுக்குச் சொல்லி அழைத்து வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அவர்கள் மறுக்க மாட்டார்கள். எங்கே நிற்பது என்ற சங்கடம் அன்றைக்கு உங்களுக்கு இருக்காது. வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்க வேண்டியவரே நீங்கள்தான்.

இந்தப் பதிலை உங்கள் மனைவியிடம் படிக்கக் கொடுப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் இதைக் கொடுத்துவிட்டால் அவரிடம் நீங்கள் பேச வேண்டியதைப் பேசிவிட்டதாக ஆகாது. அவருக்குக் கேட்க ஏதாவது இருந்தால் அவரே தனியாக எழுதட்டும். இத்தனை வருடத் திருமணத்தைப் பற்றி அவர் பக்கத்தில் ஒரு கதை இருக்கும். அதைக் கேட்காமல் அவருக்கு நான் பதில் எழுத முடியாது.